கவுன்சிலர் இல்லாத ஐந்து வருஷம்

சட்டத்தைத் திருத்தினால் நகராட்சி திருந்துமா? நடைப்பயிற்சியில் நண்பர் கேட்டார்.

ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டில் எந்த நகராட்சிக்கும் தேர்தல் இல்லை. வார்டு மறுவரையறை, வழக்கு என்று காரணத்துக்கா பஞ்சம்? நம் திருவண்ணாமலையிலும் தனி அலுவலர் ஆட்சிதான். தெருவிளக்கு எரியாவிட்டால் டீக்கடை வாசலில் மடக்கிக் கேட்க ஒரு கவுன்சிலர் கிடையாது. (கேட்டால் உடனே எரியும் என்று நான் சொல்லவில்லை!)

2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டோம், சந்தோஷம். நான் கேட்கும் திருத்தம் சின்னது. தேர்தலைத் தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன தண்டனை என்று ஒரு வரி எழுதுங்கள். 2022-இல் வந்தவர்களுக்கு 2027-இல் தவணை முடிகிறது. இன்னொரு ஐந்து வருஷம் காத்திருக்க என் முழங்காலுக்குத் தெம்பில்லை.