மீண்டும் வரும் கமடோர், அட்டாரி, ஸ்பெக்ட்ரம்: சின்னக் கடைக்காரர் இதை வாங்கி அடுக்கலாமா? லாபக் கணக்கும் சட்டச் சிக்கலும்

40 வருடங்களுக்கு முன்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு இருந்த கணினிப் பெயர்கள் இப்போது வரிசையாகத் திரும்பி வருகின்றன. 2023 நவம்பரில் அட்டாரி 2600 பிளஸ் வந்தது. 2024 நவம்பரில் 'தி ஸ்பெக்ட்ரம்' வந்தது. 2025-ல் கமடோர் நிறுவனத்தின் பெயரையே கிறிஸ்டியன் சிம்ப்சன் என்ற யூடியூபர் வாங்கினார். 'கமடோர் 64 அல்டிமேட்' என்ற புதிய கணினியையும் அறிவித்தார்.

கணினி மட்டுமல்ல. இந்த லோகோக்கள் போட்ட டி-ஷர்ட், காபி கப், சாவிக்கொத்து, போஸ்டர் என ஒரு தனிச் சந்தையே உருவாகியிருக்கிறது. பிரிட்டனில் ஒரு சின்ன ஊரில் கேம் கடையோ பரிசுப்பொருள் கடையோ நடத்துபவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வரும். இதை வாங்கி வைத்தால் ஓடுமா, இல்லை பணம் முடங்கிப்போகுமா?

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

இந்தப் பெயர்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கமடோர் 64 கணினி 1982-ம் ஆண்டு அமெரிக்காவில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் வெறும் 64 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரண போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் ஒரு கோடிக்கு மேல் விற்று, அதிகம் விற்ற கணினி மாடல் என்ற பெயரை அது எடுத்தது.

அதே 1982-ல்தான் கிளைவ் சின்க்ளேரின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் பிரிட்டனில் வந்தது. ஆரம்ப விலை 125 பவுண்டு. நடுத்தரக் குடும்பம் யோசித்து யோசித்தாவது வாங்கிவிடக்கூடிய விலை அது. அந்த நாட்டில் ஒரு தலைமுறையே கேம் விளையாடவும் புரோகிராம் எழுதவும் இந்த இரண்டு கணினிகளில்தான் பழகியது.

1984-ல் 12 வயதுப் பையனாக இருந்தவருக்கு 2025-ல் 53 வயது. கையில் ஓரளவு பணம் இருக்கும், பிள்ளைகளும் வளர்ந்திருப்பார்கள். சின்ன வயதில் கேட்டு அழுதும் கிடைக்காத பொருளை இப்போது தானே வாங்கிக்கொள்ளும் இடத்தில் அவர் இருக்கிறார். இந்த வியாபாரத்தின் மொத்த பலமே இந்த வாடிக்கையாளர்தான்.

பெயர் அதே... கம்பெனியும் அதேவா?

இல்லை. கடைக்காரர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இதுதான்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2017-ல் நோக்கியா 3310 இந்தியாவில் 3,310 ரூபாய்க்குத் திரும்ப வந்தது நினைவிருக்கிறதா? பெட்டியில் நோக்கியா என்று இருந்தாலும், அதை விற்றது அந்தப் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்திய எச்.எம்.டி. குளோபல் என்ற வேறு நிறுவனம்.

கமடோரின் கதை இதைவிடச் சுற்றல். பழைய கமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. 1995-ல் எஸ்காம் என்ற ஜெர்மன் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த வருடமே எஸ்காமும் திவால். 1997-ல் கமடோர் பெயர் டியூலிப் என்ற டச்சு நிறுவனத்துக்குப் போனது. கமடோரின் இன்னொரு புகழ்பெற்ற கணினியான அமிகா அதே வருடம் கேட்வே என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. ஒரே வீட்டுச் சொத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. கமடோர் பெயர் அதன் பிறகும் பல கைகள் மாறித்தான் 2025-ல் சிம்ப்சனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இடையில் இதே பெயரில் வேறு முயற்சிகளும் நடந்தன. 2011-ல் அமெரிக்காவில் 'கமடோர் யு.எஸ்.ஏ.' என்ற நிறுவனம், பழைய கமடோர் 64 வடிவப் பெட்டிக்குள் சாதாரண பி.சி.யை வைத்து விற்றது. சீக்கிரமே அது மூடப்பட்டது. 2015-ல் இத்தாலியில் ஒரு கமடோர் ஸ்மார்ட்போன் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

ஆக, லோகோவுக்கு வயது 40-க்கு மேல் இருக்கலாம். ஆனால் அதை விற்க வரும் கம்பெனிக்கு வயது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வாடிக்கையாளர் லோகோவை நம்பி வாங்குவார். கடைக்காரர் அந்தக் கம்பெனியை நம்பிப் பணம் போடுகிறார். இரண்டும் ஒரே நம்பிக்கை கிடையாது.

முன்பணம் கட்டி ஏமாந்த கதைகள்

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கைக் கதை, ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ். ஸ்பெக்ட்ரம் கேம்களை விளையாடக் கையடக்கக் கருவி செய்து தருகிறோம் என்று 2016-ல் மக்களிடம் இணையம் வழியாக 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். பொருள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2018-ல் கொஞ்சம் பேருக்கு மட்டும் கைக்கு வந்தது. ஸ்பெக்ட்ரம் பெயரின் உரிமையை வைத்திருந்த ஸ்கை நிறுவனம் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. 2019-ல் நீதிமன்ற உத்தரவின்படி அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது.

இன்னொன்று இன்டெலிவிஷன் அமிகோ. பழைய இன்டெலிவிஷன் பெயரில் 2018-ல் அறிவிக்கப்பட்ட கேம் கருவி. 2020 அக்டோபரில் வரும் என்றார்கள், முன்பதிவும் நடந்தது. ஆனால் சொன்ன தேதியில் வரவில்லை, தேதி மேல் தேதி மாறியது. கடைசியில் 2024-ல் இன்டெலிவிஷன் என்ற பெயரையே அட்டாரி வாங்கிக்கொண்டது.

தனி ஆள் 100 பவுண்டு கட்டி ஏமாந்தால் வருத்தம். கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களிடம் முன்பதிவுப் பணம் வாங்கிக்கொண்டு பொருள் வராமல் போனால், ஊருக்குள் பேரே கெட்டுவிடும்.

எல்லாமே இப்படித்தானா?

கிடையாது. ஒழுங்காக நடப்பவையும் உண்டு. ரெட்ரோ கேம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2018-ல் 'தி சி64 மினி' கொண்டுவந்தது. பிறகு 2022-ல் 'தி ஏ500 மினி', 2024-ல் 'அட்டாரி 400 மினி', 'தி ஸ்பெக்ட்ரம்' என்று வரிசையாக வந்தன. பிளேயான் என்ற பெரிய விநியோக நிறுவனம் இவற்றைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. அட்டாரி 2600 பிளஸ் வந்ததும் பிளேயான் வழியாகத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: 'தி சி64 மினி' பெட்டியில் 'கமடோர்' என்ற சொல்லே கிடையாது. அந்தப் பெயருக்கான உரிமை அவர்களிடம் இல்லாததால் அதைத் தொடாமலேயே பொருளைச் செய்து விற்றார்கள். மக்களும் வாங்கினார்கள். பெயரைவிட, பொருள் நேரத்துக்குக் கைக்கு வந்தது பெரிதாக வேலை செய்தது.

புதிய கமடோர் வேறு வழியில் போகிறது. 2025 ஜூலையில் தன் சொந்த இணையதளத்திலேயே நேரடியாக முன்பதிவு தொடங்கியது. ஆரம்ப விலை சுமார் 300 டாலர், மேல் ரகம் சுமார் 500 டாலர். தீவிர ரசிகர்கள் முதல் நாளிலேயே அங்கே நேராகப் போய்விட்டார்கள். தயாரிப்பாளரே வாடிக்கையாளரிடம் நேரடியாக விற்கும்போது, நடுவில் இருக்கும் சின்னக் கடைக்கு மிஞ்சுவது ரொம்பக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு எளிய உதாரணம். இதில் கொள்முதல் விலைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

வாட் பதிவு செய்த ஒரு பிரிட்டன் கடை, 90 பவுண்டு விலையுள்ள ரெட்ரோ கணினியை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சதவீத வாட் வரியைக் கழித்தால் கடைக்கு வருவது 75 பவுண்டு. வரி நீங்கலாகக் கொள்முதல் விலை 62 பவுண்டு என்றால், ஒன்றுக்கு லாபம் 13 பவுண்டு.

10 கணினி வாங்கினால் முதலீடு 620 பவுண்டு. 8 விற்றால் வருவது 600 பவுண்டு. அதாவது பத்தில் எட்டு விற்றும் கைக்காசு 20 பவுண்டு குறைகிறது. ஒன்பதாவதும் விற்ற பிறகுதான் லாபமே தொடங்குகிறது. வாடகை, மின்சாரம், கார்டு கட்டணம் எல்லாம் இதில் சேரவே இல்லை.

இப்போது கப். விலை 12 பவுண்டு, வாட் போக 10. கொள்முதல் 5 என்று வைப்போம். 20 கப் வாங்கினால் முதலீடு 100 பவுண்டு. 10 விற்றாலே போட்ட பணம் வந்துவிடும். மீதி 10 கப் அலமாரியில் தூங்கினாலும் நஷ்டம் இல்லை.

கணினி கடைக்குக் கூட்டத்தைக் கூட்டும். காசு கொடுப்பது கப்பும் டி-ஷர்ட்டும்தான். ஆனால் அங்கேதான் சட்டச் சிக்கல் காத்திருக்கிறது.

லோகோ போட்ட டி-ஷர்ட்: மாட்டிக்கொள்வது யார்?

மலிவாக லோகோ அச்சடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இணையத்தில் நிறைய. பழைய கம்பெனிதான் செத்துப்போச்சே, யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றலாம். கம்பெனி போனாலும் வர்த்தக முத்திரை, அதாவது டிரேட்மார்க், புதுப்பிக்கப்படும் வரை உயிரோடு இருக்கும்.

பிரிட்டனின் 1994-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி, அனுமதி இல்லாத லோகோ பொருளை அச்சடித்தவர் மட்டும் குற்றவாளி இல்லை. விற்பதற்காகக் கடையில் இருப்பு வைத்திருந்தாலே உரிமை மீறல்தான். பெயரை இப்போதுதான் காசு கொடுத்து வாங்கிய புதிய உரிமையாளர், பழையவரைவிடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

உரிமம் என்பதும் மொத்தமாக எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. டிரேட்மார்க் பதிவில் கணினிக்கு 9-வது வகுப்பு, துணிக்கு 25, விளையாட்டுப் பொருளுக்கு 28, கப்புக்கு 21 என்று தனித்தனி. கணினிக்கு உரிமம் வைத்திருப்பவருக்கு டி-ஷர்ட் விற்க உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது. கமடோர் உரிமம் இருந்தாலும் அமிகா லோகோவுக்கு அது செல்லாது. டி-ஷர்ட்டில் ஒரு கேம் படமும் இருந்தால், அந்த கேமின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வேண்டும்.

பழுதானால் வாடிக்கையாளர் யாரிடம் வருவார்?

கடைக்காரரிடம்தான். பிரிட்டனின் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கேட்க வேண்டியது விற்ற கடையைத்தான், தயாரித்த கம்பெனியை அல்ல. கடையே இணையத்தில் விற்றிருந்தால், குறை எதுவும் இல்லாவிட்டாலும் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம்.

பெயரை வாங்கிய புதுக் கம்பெனி அடுத்த வருடம் காணாமல் போனால், கடைக்காரர் கொடுத்த பணத்தை அவருக்குத் திருப்பித் தர ஆள் இருக்காது. 13 பவுண்டு லாபத்துக்கு 75 பவுண்டு ஆபத்து என்பது இங்கேதான் உறைக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. முன்பணம் கட்ட வேண்டாம். தயாராகிக் கிடங்குக்கு வந்துவிட்ட பொருளை மட்டும் வாங்கலாம்.

2. தெரிந்த விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்கலாம். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

3. உரிமக் கடிதத்தைக் கேட்க வேண்டும். எந்த லோகோ, எந்த வகுப்பு, எந்த நாடு, எந்தத் தேதி வரை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பிரிட்டனின் அறிவுசார் சொத்து அலுவலக இணையதளத்தில் டிரேட்மார்க் உரிமையாளர் யார் என்று இலவசமாகவே சரிபார்க்கலாம்.

4. கணினி இரண்டோ மூன்றோ போதும். ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து டி.வி.யில் மாட்டி விளையாட விடலாம். சுற்றி உரிமம் பெற்ற சின்னப் பொருட்களை அடுக்கலாம்.

5. நவம்பர் தொடக்கத்தில் அடுக்கி, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கணக்கை முடிக்க வேண்டும். இது பரிசு வியாபாரம். ஜனவரியில் மிஞ்சியது பெரும்பாலும் தள்ளுபடியில்தான் போகும்.

இறுதியாக...

வைக்கலாம், ஆனால் சின்ன அளவில், ஒரு சீசனுக்கு. அந்த 53 வயது வாடிக்கையாளர் வருடா வருடம் இன்னொரு கமடோர் வாங்கப்போவதில்லை. ஒன்று வாங்கினால் அவர் ஆசை தீர்ந்துவிடும். அவர் வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த லோகோ ஒரு அழகான டிசைன், அவ்வளவுதான்.

கடையில் கூடுதலாக ஒரு அலமாரியை நிரப்ப இது சரியான பொருள். கடனை வாங்கி, கடையையே இதை நம்பி மாற்றுவதற்கு ஏற்ற பொருளாக இப்போதைக்குத் தெரியவில்லை.