பொய்ச் சங்கு

பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அதன் சங்கைக் கேட்டு உலை வைத்த பாட்டிமார்கள் வடசென்னையில் இன்னும் இருக்கிறார்கள். சங்கு ஊதிவிட்டால் அவர்கள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை! அதே சங்கு நாலு நாள் சரியாகவும் ஐந்தாம் நாள் நடுச்சாமத்திலும் ஊதியிருந்தால்? பத்தாம் நாள் அதை ஒருவரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டிமார்களின் பேத்திகள் இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ரயிலேறிக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒரு சங்கு உண்டு. தானியங்கிச் சோதனை என்று அதற்குப் பெயர். புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும், நூற்றுக்கணக்கான சோதனைகளைக் கம்ப்யூட்டரே நடத்திப் பார்த்து, சரியென்றால் பச்சையும் தவறென்றால் சிவப்பும் காட்டும்.

சங்கடம் எங்கே வருகிறதென்றால், சில சோதனைகள் காலையில் சிவப்பு, மத்தியானம் பச்சை என்று காட்டும். இடையில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்! இவற்றை ‘ஃபிளேக்கி டெஸ்ட்’ என்கிறார்கள். கூகிள் கம்பெனியே 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அவர்களுடைய சோதனைகளில் ஏறக்குறைய 16 சதவிகிதத்துக்கு இந்தச் சபலபுத்தி கொஞ்சமாவது இருந்ததாம்.

காரணம் தெரிய அடுப்பங்கரைக்கு வாருங்கள். பால் பொங்குகிறதா என்று பாராமல் மூன்றாம் நிமிஷம் இறக்கிவிட்டால், அடுப்பு மந்தமான நாளில் என்ன கிடைக்கும்? பச்சைப் பால்தான். கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமான நேரத்தில், குறித்த விநாடிக்குள் பதில் வராமல் சோதனை தோற்பதும் இப்படித்தான். பொங்கும்வரை காத்திரு என்று எழுதினால் தீர்ந்தது. மோர்ப் பாத்திரத்தைக் கழுவாமல் பால் காய்ச்சினால் திரிந்து போகிறதே, அது பாலின் குற்றமா? ஒரு சோதனை விட்டுப்போன மிச்சம் அடுத்த சோதனையைக் கெடுப்பதும் அதே கதைதான்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவது. ஆபத்தே இதில்தான் இருக்கிறது. புலி வருது, புலி வருது என்று கேட்டுப் பழகிய காதுக்கு, நிஜப் புலியும் பொய்ப் புலிதானே?

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையில் விஷத் தொட்டியின் அழுத்தம் ஒரு மணி நேரத்தில் ஐந்து மடங்கு ஏறியது. மானி அதைக் காட்டத்தான் செய்தது. ஆனால் அங்கே மானிகள் தப்பாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டபடியால், பார்த்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளைவை உலகம் அறியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களுக்கு, நம்பக்கூடிய எச்சரிக்கையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பேத்திகளே! பொய் சொல்லும் சோதனையைத் தனியே எடுத்து வையுங்கள். எடுத்து வைப்பது பரண்மேல் போடுவதாக ஆகிவிடக் கூடாது. இன்னார் பொறுப்பு, இத்தனாம் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி வையுங்கள். நூறு தடவை ஓட்டுவதானாலும், எப்போது தோற்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக ஓட்டுங்கள். பச்சையைப் பார்த்துத் திருப்தி அடைவதற்காக வேண்டாம். சில சமயம் சோதனை சரியாகவே இருக்கும். புரோகிராமில்தான் எப்போதாவது தலைகாட்டும் பிழை ஒளிந்திருக்கும். அதைப் பாராமல் சோதனைமீது பழி போட்டுவிடாதீர்கள். ஒன்றுக்கும் உதவாத சோதனையானால் துணிந்து நீக்கிவிடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் இரவில் தாமதமாக வந்து, “இன்றைக்கெல்லாம் ஒரே ஒரு டெஸ்டைத்தான் சரிசெய்தேன், அம்மா” என்று சொன்னால், “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிடாதீர்கள். ரசத்தைச் சுட வைத்துச் சாதம் போடுங்கள். அவள் ஒரு சங்கைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறாள்.