முதற்கட்டணம் முதலில் கட்டவேண்டிய பணமன்று

மார்ச் மாதம் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயின் வெயில் தன் கடுமையைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் குளிர்பானக் கடைகளின் முன் கூட்டம் கூடுகிறது. அதே நாட்களில் மூணாறு, மறையூர், குமுளி ஆகிய இடங்களுக்குக் கோடை விடுமுறைப் பயணிகள் வரத் தயாராகின்றனர். பெயர்பெற்ற நிறுவனமொன்றின் ஃபிரான்சைஸ் உரிமம் பெற்று ஐஸ்கிரீம் கடை திறக்கும் எண்ணத்துடன் வாடிக்கையாளர்கள் வங்கிக் கிளைகளை நாடுவதும் பெரும்பாலும் இப்பருவத்திலேதான். அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, “ஃபிரான்சைஸ் கட்டணம் கட்ட வங்கி கடன் தருமா?” என்பது. கேள்வியில் பிழையில்லை, அது கேட்கப்படும் வரிசையில்தான் பிழை இருக்கிறது என்பது நம் கருத்து.

நிறுவனத்தின் பெயரையும் முறைகளையும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்காகத் தொடக்கத்தில் ஒருமுறை செலுத்தும் தொகையே முதற்கட்டணம். பயிற்சி, கடை அமைப்புக்கான வரைபடம், திறப்புவிழா உதவி ஆகியவற்றைச் சில நிறுவனங்கள் இதற்குள் அடக்குகின்றன. சில அவற்றுக்குத் தனியே வசூலிக்கின்றன. ஒப்பந்தம் முடியும்போது திரும்பிவரும் காப்புத்தொகை வேறு. மாதந்தோறும் விற்பனையில் ஒரு விழுக்காடாகச் செலுத்தும் ராயல்டி வேறு. உறைபெட்டி, மேசை நாற்காலி, பெயர்ப்பலகைக்கான செலவும் வேறு. கடை மூடப்பட்டால் உறைபெட்டியைப் பாதி விலைக்காவது விற்கலாம். காப்புத்தொகையைக் கேட்டுப் பெறலாம். முதற்கட்டணமோ பெரும்பாலான ஒப்பந்தங்களில் எந்நிலையிலும் திரும்பாத பணம். ஆகவே, மொத்த முதலீட்டில் அது சிறு பங்காக இருப்பினும், மிகுந்த எச்சரிக்கையுடன் செலவிட வேண்டியது அதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். முதற்கட்டணம் 3,00,000 ரூபாய், ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுகள் என்று கொள்வோம். ஐஸ்கிரீம் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது; ஆனால் ஃபிரான்சைஸ் கட்டணத்தின் மீதான வரி 18 சதவீதமாகவே தொடர்கிறது. ஆக, நாம் செலுத்துவது 3,54,000 ரூபாய். வரிப் பதிவு பெற்ற வணிகர் அந்த 54,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. பதிவு பெறாதவருக்கு அதுவும் செலவே. இத்தொகையை 60 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்திற்கு 5,900 ரூபாய் ஆகிறது. ஒரு கோப்பை விற்றால் கையில் நிற்பது 20 ரூபாய் எனில், மாதம் 295 கோப்பைகள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோப்பைகள், இக்கட்டணத்திற்காக மட்டுமே விற்றாக வேண்டும். வாடகை, மின்கட்டணம், பணியாளர் ஊதியம், ராயல்டி, கடன் வட்டி ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. வருமான வரிச் சட்டமும் ஃபிரான்சைஸ் உரிமையைப் புலனாகாச் சொத்தாகக் கொண்டு, ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 25 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்க இடமளிக்கிறது. அதாவது, அது ஒரே நாளில் தீர்ந்துபோகும் செலவன்று. கடையின் ஆயுள் முழுவதும் நம்மோடு வரும் சுமை.

மலைப்பகுதியில் இக்கணக்கு மேலும் கடினமாகிறது. மூணாற்றில் விற்பனை பயணிகளின் வரவைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூட்டம் வடிந்துவிடும். வரையாடுகள் ஈனும் பருவத்தை முன்னிட்டு இரவிகுளம் தேசியப் பூங்காவும் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படுகிறது. ஆண்டில் 120 நாட்களே நல்ல விற்பனை நடைபெறும் ஒரு கடையில், மேற்சொன்ன ஆண்டுக்கு 3,540 கோப்பைகள் என்பது அந்நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கோப்பைகளாக உயர்ந்துவிடுகிறது. ஒப்பந்தக் காலமோ மழை மாதங்களிலும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் மனைவியுடன் நம் கிளைக்கு வந்தார். பணிக்கொடையாகக் கிடைத்த தொகையிலிருந்து 2 லட்சம் ரூபாயை ஒரு நிறுவனத்திற்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தார். “இந்த வாரத்துக்குள்ள கட்டலைன்னா நம்ம ஊரை வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்னு சொன்னாங்க, சார்” என்றார். அதன் பிறகே கடைக்கு இடம் பார்த்திருக்கிறார். அவர் வாடகைக்குப் பேசியிருந்த கட்டிடம் நின்றது, விவசாயத்திற்கும் வீட்டுக்குமெனப் பட்டா வழங்கப்பட்ட நிலத்தில். ஊராட்சியின் உரிமம் கிடைக்கவில்லை. உரிமம் இன்றிக் கடனும் இல்லை. நிறுவனமோ ஒப்பந்தத்தின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டது. “அந்தப் பணத்துக்கு இந்த ரசீதுதான் மிச்சமா, சார்?” என்று அவர் மனைவி கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

இடுக்கியில் இது அரிதான நிலையன்று. 1964ஆம் ஆண்டின் கேரள நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டா பெற்ற நிலங்களில் வணிகக் கட்டிடங்கள் எழுப்பியது நீண்டகாலச் சிக்கல். 2023இல் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியிருப்பினும், ஒவ்வொரு கட்டிடத்தின் நிலையையும் ஊராட்சி அலுவலகத்திலும் வருவாய் அலுவலகத்திலும் தனித்தனியே கேட்டறிவதே அறிவுடைமை.

எனவேதான் முதற்கட்டணத்தைக் கடைசியில் செலுத்துங்கள் என்கிறோம். முதலில் இடம், அடுத்து அந்த இடத்திற்கு உரிமம் கிடைக்கும் என்ற உறுதி, அதன்பின் வங்கியின் கடன் ஒப்புதல், இவற்றுக்குப் பிறகே கட்டணம். பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெறலாம். ஆயினும் வங்கி விரும்பிக் கடன் தருவது கண்ணுக்குப் புலப்படும் உறைபெட்டிக்கும் கடை அமைப்புக்குமே. முதற்கட்டணம் பெரும்பாலும் விண்ணப்பதாரரின் சொந்த முதலிலிருந்து செல்ல வேண்டியிருக்கும். அதாவது, மூழ்கினால் மூழ்குவது நம் சேமிப்பே. முன்பதிவு அவசியம் என்று நிறுவனம் வற்புறுத்தினால், உரிமமோ கடனோ கிடைக்காவிடில் பணம் திரும்ப வரும் என்ற வரியை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரின் அவசரம் நம் நன்மைக்கானதாக இருக்க வாய்ப்பில்லை.

ஃபிரான்சைஸ் முறையே தவறானது என்று நாம் சொல்லவில்லை. 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் ஆர்.ஜி. சந்திரமோகன் தொடங்கிய தொழிலே அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆக வளர்ந்தது. பெருநகரில் பெரிய பெயர்களுடன் மோதாமல், சிற்றூர்களில் தனிக்கடைகளை உள்ளூர் வணிகர்கள் வழியே திறந்ததே அதன் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. பெயர்ப்பலகை மட்டும் அதைச் செய்துவிடவில்லை. உருகாமல் வந்து சேர்ந்த சரக்கும் செய்தது. அமுல் நிறுவனம் தன் விற்பனை நிலையங்களிடம் ராயல்டி கேட்பதில்லை. விலையில் ஒரு கழிவே வணிகரின் வருவாய். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஓர் உரிமத்தை ஏற்பதும், மிகுதி என்பதற்காக மட்டும் மறுப்பதும் சரியன்று. கட்டணம், ராயல்டி, சரக்கின் கொள்முதல் விலை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தாலன்றி உண்மை தெரியாது.

எல்லைப்பகுதியினர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒப்பந்தம் “இப்பகுதியில் வேறு கடை இல்லை” என்று உறுதி கூறலாம். அப்பகுதி எதுவரை? குமுளியில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சிச் சாலை தொடங்குகிறது. கேரளத்திற்கு ஒரு விநியோகஸ்தரும் தமிழ்நாட்டிற்கு மற்றொருவரும் இருப்பின், சில நூறு மீட்டர் தொலைவில் அதே பெயரில் இன்னொரு கடை திறக்கப்படலாம். உறுதிமொழி இரு மாநிலத்திற்கும் பொருந்துமாறு எழுதப்பட வேண்டும். புதுப்பித்தல் கட்டணம் எவ்வளவு, மழைக்காலத்தில் மின்தடையால் சரக்கு கெட்டால் இழப்பு யாருடையது, வழக்கு எழுந்தால் எந்நகர நீதிமன்றம் ஆகியவற்றையும் கேளுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், நம் மொழியில் விளக்கக்கூடிய வழக்கறிஞருக்குத் தரும் சிறு கட்டணம் வீண்செலவன்று.

அமெரிக்காவில் 1979 முதல் நடப்பிலுள்ள ஃபிரான்சைஸ் விதியின்படி, கட்டணங்களையும் வழக்குகளையும் மூடப்பட்ட கடைகளின் எண்ணிக்கையையும் கூறும் ஆவணத்தைக் கையெழுத்திடுவதற்கு முன்னரே நிறுவனம் வழங்கியாக வேண்டும். இன்று அதற்குரிய குறைந்தபட்சக் கால அவகாசம் 14 நாட்கள். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. இங்கும் அத்தகைய விதி வரவேண்டும் என்பதே நம் கருத்து. வரும்வரை அந்த 14 நாட்களை நமக்கு நாமே விதித்துக்கொள்ளலாம். அந்நாட்களில் அதே நிறுவனத்தின் கடை நடத்தும் இருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். கடையை மூடியவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இறுதியாக, பணம் செலுத்தும் முறை. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலி இணையதளங்கள் அமைத்து முன்பணம் பறிக்கும் மோசடிகள் நடைபெறுகின்றன. தனிநபர் கணக்கிற்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. வழியே அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் இப்போது வழங்குகின்றன, அதைப் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கடை தொடங்க எண்ணுவோர் பணத்தைச் செலுத்திய பின் ரசீதுடன் வருவதைவிட, செலுத்தும் முன் ஒப்பந்தத்தின் நகலுடன் கிளைக்கு வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அந்த அரைமணி நேர உரையாடலுக்கு எந்தக் கட்டணமும் இல்லை.