பேப்பரில் வந்த மனை

“பேப்பர்லயே போட்டிருக்காங்களே, அப்புறம் என்ன?” கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் மனை வாங்கக் கிளம்புகிறவரிடம் வில்லங்கச் சான்று பார்த்தீர்களா என்று கேட்டால் இந்தப் பதில்தான் பெரும்பாலும் வரும். விசாரிக்காமல் ஒரு பத்திரிகை அரைப்பக்கம் போடுமா, தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளுமா என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பு. விளம்பரம் வாங்கும் மேசையில் தாய்ப்பத்திரம் கேட்கப்படுவதில்லை. எத்தனை சென்டிமீட்டர், வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதுவரை அத்தகைய மனைகள் தமிழ்நாடு முழுக்க விளம்பரம் செய்தே விற்கப்பட்டன. தடை கேட்டு நீதிமன்றம் போனவர் வழக்கறிஞர் யானை ராஜேந்திரன்; விளம்பரக் காசு வாங்கிய பத்திரிகை எதுவும் அல்ல. மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபோது கட்டணத்தைச் சுமந்தது மனை வாங்கியவர்கள்தான்.

இன்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி வாங்கியவர் நஷ்டப்பட்டால் ஈடுகட்ட வேண்டியவர் மனை போட்டவர். பிரசுரித்த பத்திரிகையை அந்த விதி தொடுவதில்லை. விளம்பரம் உட்பட அச்சாகும் எல்லாவற்றுக்கும் ஆசிரியரே பொறுப்பு என்கிறது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. ஆனால் அந்த கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும். அபராதம் போட முடியாது.

விளம்பரதாரர் அழுத்தம் என்றதும் முதலாளிக்கு வரும் மிரட்டல் போன்தான் பலருக்கும் நினைவு வருகிறது. தாலுகா அளவில் போனே தேவையில்லை. பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் சொற்பம், விளம்பரத்துக்குக் கமிஷன். ஓடைப் புறம்போக்கை வளைத்து மனை போட்டவரைப் பற்றி எழுத வேண்டியவரும், பொங்கல் மலருக்கு அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்க வேண்டியவரும் ஒரே ஆள். அவர் எழுதாமல் விட்ட செய்தியை யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அது பிறக்கவே இல்லை. மாவட்ட நிருபர்களை விளம்பர முகவர்களாக்கும் இந்த ஏற்பாட்டை, காசுக்குச் செய்தி பற்றி பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் 2010இல் பிரஸ் கவுன்சிலுக்குத் தந்த அறிக்கை குறிப்பிட்டது. கவுன்சிலோ அதைச் சுருக்கித்தான் வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர மத்திய தகவல் ஆணையம் 2011இல் உத்தரவிட வேண்டியிருந்தது.

பெரிய இடத்தில் இதுவே ஒப்பந்தமாக நடந்தது. டைம்ஸ் குழுமம் 2005இல் தொடங்கிய ஏற்பாட்டில், விளம்பரத்துக்கு விலையாக நிறுவனங்களின் பங்குகளே கைமாறின. அப்படிப் பங்கு தந்த நிறுவனத்தைப் பற்றிய செய்தியை வாசகர் எப்படி நம்புவது என்ற கவலை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கே வந்து, 2009இல் அது பிரஸ் கவுன்சிலுக்கு எழுதியது.

“விளம்பரம் இல்லாமல் பத்திரிகை பிழைக்குமா?” என்பார்கள். 1994இல் அமெரிக்காவின் சான் ஹோசே மெர்குரி நியூஸ், புதுக் கார் வாங்கும்போது எப்படிப் பேரம் பேசுவது என்று எழுதியது. கார் விற்பனையாளர்கள் கூடிப் பேசி விளம்பரத்தை நிறுத்தினார்கள். நஷ்டம் சுமார் 10 லட்சம் டாலர். பத்திரிகை மூடப்படவில்லை. அரசின் வணிக ஆணையம் தலையிட்டு, இனி அப்படிக் கூட்டாகப் புறக்கணிப்பதில்லை என்று அவர்கள் சங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தது.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் எங்கே வருகிறதோ அங்கே மனைக்கு மவுசு. அதற்கென எடுக்கப்பட்ட வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலம் உயர் நீதிமன்றம் வரை வழக்கானது. “கலெக்டர் ஆபீஸ் அருகில்” என்று மனை விற்பவர் அந்த வழக்கைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது அதே நாளிதழின் செய்திப் பக்கம்.

அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கதை இன்னும் கசப்பு. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. பழங்குடிப் பகுதிகளுக்குக் காப்புத் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதி ஒன்றுகூட இல்லாததால், அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் நிலத்துக்கு அந்தக் காப்பும் கிடையாது. மனை விற்பவருக்கு வாரந்தோறும் தனிப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகையில், பட்டாவுக்கு அலையும் மலைக்காரருக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. அவர் விளம்பரம் தருவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான், மலை மக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

பதிவு எண் இல்லாத மனை விளம்பரத்தை வாங்காமல் திருப்பி அனுப்ப எந்த ஆசிரியருக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் எண்ணை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். காசு வாங்கிப் போடும் கட்டுரைக்கு மேல் ‘விளம்பரம்’ என்று கண்ணில் படும்படி அச்சிடச் செலவே இல்லை. செலவு வைப்பது ஒன்றுதான்: தாலுகா நிருபருக்கு வாழும்படியான சம்பளம் கொடுத்து, விளம்பரம் பிடிக்கும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுவது. முதலில் செய்ய வேண்டியதும் அதைத்தான்.