கண்காணிப்புக் காமிரா: உயிருக்கா, கஜானாவுக்கா?

கேரளச் சாலைகளில் விதிமீறல்களைப் படம் பிடிக்க மோட்டார் வாகனத் துறை 726 காமிராக்களை நிறுவியது. 2023 ஏப்ரல் 20-ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். ஜூன் 5-ஆம் தேதி முதல் அபராதம் நடைமுறைக்கு வந்தது. திட்டச் செலவு சுமார் ரூ.232 கோடி. இது மக்கள் உயிரைக் காக்கவா, அரசுக் கஜானாவை நிரப்பவா என்று அன்றே எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை.

கேள்வி நியாயமானதே. ஆனால் பதில் கூறுமுன் கணக்கைப் பார்க்க வேண்டும். 726 காமிராக்களில் 675, ஹெல்மெட் அணியாமை, சீட் பெல்ட் போடாமை, ஓட்டும்போது செல்போன் பேசுவது போன்ற குற்றங்களுக்கானவை. தவறான இடத்தில் வண்டி நிறுத்துவதைப் பிடிக்க 25. வேகத்தை அளக்க 8. சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்க வைத்தவை 18 மட்டுமே. சிவப்பு விளக்கை மீறுபவன் பிறர் உயிருக்கு உலை வைக்கிறான். ஹெல்மெட் அணியாதவன் பெரும்பாலும் தன் உயிரோடுதான் விளையாடுகிறான். முன்னவனுக்கு 18, பின்னவனுக்கு 675 என்றால், சுலபமாகப் பிடிபடுபவனைத்தான் அரசு குறி வைக்கிறது என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை.

எனினும், ஹெல்மெட்டை அலட்சியம் செய்வதற்கில்லை. ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் மரண அபாயம் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. கேரளத்தில் 2022-ல் சாலை விபத்துகளில் 4,317 பேர் மாண்டனர். 2023-ல் 4,080 பேர். 2024-ல் இத்தொகை 4,000-க்கும் கீழே இறங்கியது. ஆனால் விபத்துகளின் எண்ணிக்கை 2022-ல் 43,910 ஆக இருந்தது, 2023-ல் 48,091 ஆக ஏறியது. மோதல்கள் கூடியும் சாவு குறைந்திருக்கிறது. எல்லாப் பெருமையும் காமிராவுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் செய்யக்கூடிய வேலை இதுதான். அவை மோதலைத் தடுப்பதில்லை. மோதியவனைப் பிழைக்க வைக்கின்றன.

சிவப்பு விளக்குக் காமிராவின் கதை வேறு. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2005-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்காமிராக்கள் வந்த சந்திப்புகளில் குறுக்கே வந்து மோதும் விபத்துகள் சுமார் 25 சதவீதம் குறைந்தன. பின்னால் வந்து இடிக்கும் விபத்துகள் சுமார் 15 சதவீதம் கூடின. அபராதத்துக்கு அஞ்சி முன்னவன் சட்டென்று பிரேக் போட, பின்னவன் இடிக்கிறான். குறுக்கு மோதல்தான் அதிகம் உயிர் குடிப்பது என்பதால் மொத்தத்தில் நன்மையே என்பது அந்த ஆய்வின் கருத்து. ஆனால் ஹூஸ்டன் நகர மக்கள் 2010-ல் வாக்களித்தே காமிராக்களை அகற்றினர். அங்கு பின்னர் ஆராய்ந்தவர்கள் மொத்த விபத்துகள் காமிராவால் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றனர்.

பணம் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ நகரம் பாடம். அங்கு காமிரா ஒப்பந்தத்தை மேற்பார்த்த நகராட்சி அதிகாரி, ஒப்பந்தக் கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 2016-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அதே நகரில், மஞ்சள் விளக்கு 3 வினாடிக்குச் சற்றுக் குறைவாக எரிந்த நேரங்களிலும் அபராதம் விதிக்கப்பட்டு, சுமார் 77,000 சீட்டுகள் கூடுதலாகப் போயின என்று நகரத் தணிக்கை அதிகாரியே 2014-ல் கண்டறிந்தார். மஞ்சள் விளக்கில் ஒரு நொடியின் சிறு பின்னம் குறைந்தாலும் கஜானா நிரம்பும். உயிர் போகும் அபாயமும் கூடும். வரும்படியும் பாதுகாப்பும் எதிரெதிர்த் திசையில் போகும் இடம் இதுவே.

கேரளத் திட்டத்தின் செலவிலும் முறைகேடு என்று எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்தனர். போதிய ஆதாரம் இல்லை என்று 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இங்கே ஒரு நல்ல அம்சத்தையும் சொல்ல வேண்டும். அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்குத் தலைக்கு இத்தனை அபராதம், அதில் இத்தனை பங்கு என்ற ஏற்பாடு இல்லை. தவணை முறையில் குறிப்பிட்ட தொகைதான். ஆகவே அபராதம் பெருக வேண்டும் என்ற ஆசை நடத்துபவருக்கு நேரடியாக எழுவதில்லை.

ஆனால் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பணம் வராமல் தவணைகள் தாமதப்பட்டபோது கெல்ட்ரான் கட்டுப்பாட்டு அறை ஊழியரைக் குறைத்தது. நோட்டீஸ் அனுப்புவது மந்தமாயிற்று. குற்றம் நடந்து 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் தினமும் ஒரே காமிராவைக் கடந்து வேலைக்குப் போகிறவனுக்குக் கேரளத்தில் ஒரு முறைக்கு ரூ.500. மறுநாளே செய்தி கிடைத்தால் அன்று மாலையே ஹெல்மெட் வாங்கிவிடுவான், ரூ.500-உடன் பாடம் முடிந்தது. 30 நாள் கழித்துக் கிடைத்தால் ரூ.15,000 நிற்கும், அந்த 30 நாளும் அவன் தலை வெறுந்தலையாகவே இருந்திருக்கும். உடனே வரும் நோட்டீஸ் உயிரைக் காக்கிறது. தாமதமாக வரும் நோட்டீஸ் பணத்தை மட்டுமே வசூலிக்கிறது. பாதுகாப்பா வருவாயா என்ற வழக்குக்கு இதைவிடத் தெளிவான உரைகல் இல்லை.

இதில் அதிகம் அடிபடுவோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைப்பவர்கள். கேரளத்தில் கட்டட வேலைக்குச் சராசரி நாட்கூலி 2022-23-ல் ரூ.852 என்பது ரிசர்வ் வங்கிக் கணக்கு. ஒரு அபராதம் அரைநாள் கூலிக்கு மேல். ஊரிலிருந்து கொண்டு வந்த வண்டி தமிழ்நாட்டுப் பதிவில் இருக்கும். பழைய வண்டியானால் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். நோட்டீஸ் யாருக்கோ, எந்த ஊருக்கோ போகும். பதிவில் தரும் செல்போன் எண் மாறியிருந்தால் குறுஞ்செய்தியும் வராது. ஆர்.சி. புத்தகத்தைப் பெயர் மாற்றுவதும், எண்ணைத் திருத்துவதும், 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடும் வண்டிக்குக் கேரளப் பதிவு பெறுவதும் தொழிலாளியின் கடமை. நோட்டீஸைத் தமிழிலும் தருவது அரசின் கடமை. எழுத்துப் புரியாதவனுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் பாதையில் கல்லாறு இருக்கிறது. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். மழை, மூடுபனி, சரியும் மண். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் சுற்றுலாப் பயணிகளும் போகும் வழி. சிவப்பு விளக்குக்கு அங்கே வேலையே இல்லை. அங்கு உயிர் காப்பது தடுப்புச் சுவர், பிரதிபலிப்புப் பலகை, நல்ல தார்ச்சாலை, நேரத்துக்கு வரும் பஸ். கேரள சாலைப் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 2007-ஆம் ஆண்டுச் சட்டமே அபராத வசூலில் ஒரு பங்கைச் சாலைப் பாதுகாப்பு நிதியில் சேர்க்கச் சொல்கிறது. நகரத்துச் சந்திப்பில் வசூலான பணம் கல்லாற்று வளைவில் தடுப்புச் சுவராக நின்றால், கஜானாவுக்கா என்ற கேள்வியை எவரும் கேட்கமாட்டார்கள்.

விபத்தில் நொறுங்கிய எலும்புகளைப் பார்த்து மனம் நொந்த கோவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில்தான் 2024-ல் மாநிலங்கள் மின்னணுக் கண்காணிப்பை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. காமிரா வேண்டும் என்ற கோரிக்கை மருத்துவமனைக் கட்டிலருகே பிறந்தது, கஜானாவில் அன்று. அதை அரசு மறக்கலாகாது.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. காமிரா இருக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை தெளிவாக நிற்கட்டும். குற்றம் நடந்த ஓரிரு நாளில் செய்தி போகட்டும். ஒவ்வொரு காமிராவின் அருகிலும் விபத்து எத்தனை, அபராதம் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். அபராதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் திட்டம் வென்றது. கூடிக்கொண்டே போனால் தோற்றது. அபராத வருவாய் குறைவதைக் கண்டு மகிழும் நிதி அமைச்சர் ஒருவர் வாய்த்தால், காமிராவின் நோக்கம் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிராது.