வெள்ளம் வரட்டும்!

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

ஆற்றில் வெள்ளம் என்றதும் நம்ம சிவில்காரனுக்கு முதலில் என்ன தோன்றும்? கரையை உயர்த்து, கல் பதி, ஷட்டர் போடு! இரிகேஷன் பாடத்தில் இதைத்தானே மாய்ந்து மாய்ந்து படிக்கிறோம். எல்லா இடத்துக்கும் இந்த மருந்து சரிப்படாது என்பது என் கட்சி. சாட்சி, அஸ்ஸாமில் உள்ள காசிரங்கா.

பிரம்மபுத்திராவின் தென்கரையில் யானையையே மறைக்கும் புல் வளர்ந்த வெளி அது. 1908-ல் காப்புக்காடு ஆனது. 1974-ல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் விரல் விட்டு எண்ணும்படி இருந்த ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள், 2022 கணக்கெடுப்பில் 2613! காட்டெருமை, சதுப்பு மான், பன்றி மான், புலி எல்லாம் அங்கே உண்டு.

இத்தனைக்கும் சோறு போடுவது வருஷா வருஷம் வரும் வெள்ளம்தான். அது வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. 'பீல்' என்று அங்கே சொல்லும் ஏரிகளில் மண்டிய ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போகிறது. மீனைக் கொண்டுவந்து விடுகிறது. புல்வெளியை மரம் விழுங்காமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பாக்கி வேலையை வனத்துறை செய்கிறது: குளிர்காலத்தில் முற்றிய புல்லைக் கொளுத்துவார்கள். கொளுத்திய இடத்தில் தளிர் விட்டதும் மான்கள் வந்துவிடும்.

வெள்ளத்தில் மிருகம் சாகலையா என்பீர்கள். நியாயமான கேள்வி. சாகிறது. 2017-லும் 2024-லும் நூற்றுக்கணக்கில் செத்தன. ஆனால் அதற்காகப் பூங்காவைச் சுற்றிக் கரை போட்டால், பட்டினி போட்டுக் கொன்ற மாதிரி ஆகும். (ஊருக்குக் கரை வேண்டாம் என்று சொல்லவில்லை; சண்டைக்கு வராதீர்கள்!)

தண்ணீர் ஏறினால் எங்கே போவது என்று அந்த மிருகங்களுக்கே தெரியும். தெற்கே கார்பி ஆங்லாங் மலை. நடுவில் குறுக்கே ஓடுகிறது தேசிய நெடுஞ்சாலை, லாரியும் பஸ்ஸும்! வெள்ளக் காலத்தில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்குள் ஒதுங்கி நிற்க மண் மேடுகளும் போட்டிருக்கிறார்கள். போதாது. சாலையையே தூண்மேல் தூக்கிவிட்டால் மிருகங்கள் அடியில் போய்விடுமே! சுமார் 34 கி.மீ. நீளத்துக்கு அப்படிச் செய்ய 2025-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது.

ஆற்றை விட்டுவிட்டு ரோட்டைத் தூக்குவது! இதுவும் சிவில் வேலைதானே? யானை தலை குனியாமல் போக எத்தனை மீட்டர் உயரம் விட வேண்டும் என்று நம்ம பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. பரீட்சையில் கேட்டால் நல்லாயிருக்கும்!