குறிஞ்சி சொல்லும் ஃபிலிம் கணக்கு

மூணாறை அடுத்த ராஜமலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கூட்டமாகப் பூக்கிறது. 1994, 2006, 2018 ஆகிய மூன்று பூப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஃபிலிமின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

1994இல் மலையேறியவர்கள் கொண்டுபோனது ஃபிலிம் காமிரா. ஒரு சுருளுக்கு 36 படம். மேகம் விலகும்வரை காத்திருந்து, எண்ணி எண்ணிக் கிளிக் செய்தார்கள். படம் தேறியதா என்பது ஸ்டூடியோவில் கழுவிய பிறகே தெரியும். 2006 ஜனவரியில், பெரும்பாலான ஃபிலிம் காமிராக்களின் தயாரிப்பை நிறுத்துவதாக நிகான் அறிவித்தது. கோனிகா மினோல்டா காமிராத் தொழிலையும் ஃபிலிம் தொழிலையும் கைவிடுவதாகவே சொல்லிவிட்டது. 2018இல் ஆகஸ்ட் வெள்ளம் வடிந்து, பாதை சீரானதும் வந்தவர்களின் கையில் இருந்தது செல்போன்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, ஊட்டியிலும் இதே கணக்குதான். 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. அதன் வீழ்ச்சிக்கு டிஜிட்டலை மட்டும் குறை சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையை நம்பியிருந்த ஆலை, கலர் வந்தபோதே தள்ளாடியது. கடன் சுமை அழுத்தியது. மருத்துவமனைகளும் டிஜிட்டலுக்கு மாறியதும் பிடிமானம் போயிற்று. 2014இல் எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அரசு அனுமதித்தது.

லாபம் இல்லாமல் இல்லை. காமிரா வாங்க முடியாத வீடுகளில் இன்று குழந்தையின் முதல் சிரிப்பு பதிவாகிறது. தோட்டத் தொழிலாளியின் கல்யாணப் படம் ஸ்டூடியோக்காரரின் தயவில் இல்லை.

ஆனால் ஒன்று. ஈரமும் பூஞ்சையும் தின்னாமல் காப்பாற்றிய 1994 நெகட்டிவை இன்றும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், மலை தெரியும். 2018இல் ஆயிரக்கணக்கில் எடுத்தவை எங்கே? செல்போன் உடைந்தது, மெமரி கார்டு கெட்டது, பாஸ்வேர்டு மறந்தது என்றால் படமும் போச்சு. இருப்பவற்றிலும், தேடி எடுக்கப் பொறுமை யாருக்கு?

அடுத்த பூப்பு 2030இல். அதற்குள் நல்லதாகப் பத்துப் படங்களைப் பொறுக்கிப் பிரிண்ட் போட்டு வைப்பது நல்லது. பேரப்பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டுமே.